இரண்டு கறுப்பு உருண்டைகள்

"அக்கரைக்கு ஒரு டிக்கெட்" என்று கவுன்ட்டருக்குள் கையை நீட்டினார் அந்த அம்மாள்.

டிக்கெட் கொடுப்பவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். "என்னம்மா இது, கேப்டன் வீட்டம்மாவுக்கே டிக்கெட்டா? நான் கொடுத்தேன்னு தெரிஞ்சா அவர் என்னைத் தூக்கித் தண்ணியில போட்டுடுவார்."

"கொடுக்கலைன்னா நான் போட்டுடுவேன். கொடுங்க. இன்னைக்கு நான் கேப்டன் பொண்டாட்டியா போகல. டக் ஓட்டுறவனோட அக்காவா போறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். துறைமுகத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். அந்த அம்மாளின் கணவர் இந்தப் பயணிகள் படகின் கேப்டன். அம்மாளின் தம்பி துறைமுக இழுவைப் படகின் கேப்டன். பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் கரை சேர்க்கும் அந்தக் குட்டையான, பலசாலிப் படகைத்தான் துறைமுகத்தில் டக் என்பார்கள். மச்சானும் மாப்பிள்ளையுமான இந்த இருவரும் பேச்சை நிறுத்திப் பல மாதங்கள் ஆகிவிட்டன.

காரணம் சிறியது, அல்லது பெரியது. கேட்கிறவரைப் பொறுத்தது. கேப்டனுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் வந்து பார்த்தார்கள். எதிர்வீட்டில் வாடகைக்குக் குடிவந்து பெட்டி படுக்கையைக்கூடப் பிரிக்காதவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை என்று அவர் கூப்பிடும் மனைவியின் தம்பி மட்டும் வரவில்லை. கேப்டன் வீடு திரும்பிய பிறகு அவன் போன் செய்தான். கேப்டன் எடுக்கவில்லை. மறுபடி செய்தான். அப்போதும் எடுக்கவில்லை. பிறகு அவனும் விட்டுவிட்டான்.

"நான் செத்தேனா பொழைச்சேனான்னு எட்டிப் பார்க்கல. அவன்தான் வரணும். அவன்தான் பேசணும்" என்பார் கேப்டன். மனைவி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். சுவரில் அடித்த ஆணி போல மனிதர் அசையவில்லை. துறைமுகத்தில் அவருக்கு 'ஆணி' என்றே பெயர். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, அக்கரையில் இருக்கும் தம்பி குழந்தைக்குத் தைத்த சட்டைகள் இருந்த துணிப்பையை அணைத்தபடி, கீழ்த்தளத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மேலே கேப்டன் அறையில் கணவர் சுக்கானைப் பிடித்து நிற்பது அவருக்குத் தெரியும். இவர் வந்திருப்பது அவருக்கும் தெரியும். இருவரும் தெரியாததுபோல் இருந்தார்கள்.

படகு புறப்பட்டது.

கடலில் பயணம் செய்யாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே கோடு போட்ட பாதை கிடையாது. சிக்னல் விளக்கு கிடையாது. விசில் ஊதிக் கையைக் காட்டப் போலீஸ்காரர் கிடையாது. எந்தத் திசையிலிருந்தும் எதுவும் வரலாம். வேகம் எடுப்பதற்கு நேரமாகும், நிற்பதற்கு அதைவிட நேரமாகும். ஆனாலும் ஒன்றுடன் ஒன்று மோதாமல் ஆயிரக்கணக்கான கப்பல்கள் இரவும் பகலும் போய்க்கொண்டிருக்கின்றன. எல்லா நாட்டு மாலுமிகளும் ஒப்புக்கொண்ட சில விதிகள்தான் அவற்றைக் காக்கின்றன. நேருக்கு நேர் வந்தால் இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், எவருடைய வலப்பக்கத்தில் மற்றவர் தெரிகிறாரோ அவர் விலக வேண்டும். மற்றவர் தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். மாற்றினால் விலகுகிறவர் குழம்பிப்போவார்.

கேப்டனுக்கு இந்தக் கடைசி விதி மிகவும் பிடிக்கும். அவருடைய படகு விரிந்த வளைகுடாவை இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கடக்கும். துறைமுகத்திலிருந்து வெளியே வரும் இழுவைப் படகு அவருடைய இடப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும். அதாவது மாப்பிள்ளைதான் விலக வேண்டும். ஒவ்வொரு முறை மாப்பிள்ளை விலகும்போதும் கேப்டனின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

முன்பெல்லாம் இரண்டு படகுகளும் ஹாரன் அடித்து வேடிக்கை செய்துகொண்டு போகும். இப்போது வயர்லெஸ்ஸில் இரண்டே வரிகள்.

"டக், உங்க வலப்பக்கம் வர்றேன். ஓவர்."

"தெரியுது. ஓவர்."

கேப்டனுக்குப் பக்கத்தில் நின்று கண்காணிக்கும் துணைக் கேப்டன் ஒரு வாயாடிப் பெண். "சார், நீங்க ரெண்டு பேரும் 'ஓவர்'னு சொல்றப்போ எனக்கே காது எரியுது. அந்த ஒரு வார்த்தைக்குள்ள எவ்வளவு திட்டைத்தான் திணிப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"உன் வேலை என்ன? பைனாகுலரைப் பார்க்கிறது. பாரு" என்றார் கேப்டன்.

அன்று தூறல். நடுக்கடலுக்கு வந்தபோது இடப்பக்கம் சாம்பல் திரையைக் கிழித்துக்கொண்டு இழுவைப் படகு தெரிந்தது. துணைக் கேப்டன் அப்போது பின்தளத்தில் இருந்தாள். கைப்பிடிக் கம்பிக்கு மேல் ஏறி நின்ற இரண்டு குழந்தைகளை இறக்கிவிடப் போயிருந்தாள். கேப்டன் தனியாக நின்றார்.

வயர்லெஸ்ஸை எடுத்தார். "டக், உங்க வலப்பக்கம் வர்றேன். ஓவர்."

கரகரவென்று ஒரே சத்தம். அதற்கு நடுவே மாப்பிள்ளையின் குரல் ஒரு கணம் எழுந்தது: "...திரும்ப மாட்டே..." அவ்வளவுதான். மறுபடி கரகரப்பு. பிறகு அதுவும் இல்லை.

கேப்டனுக்குக் காது சிவந்தது. திரும்ப மாட்டேன் என்கிறானா? என்னிடமா?

"திரும்பாம எங்கே போவே, பார்க்கிறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுக்கானை இன்னும் இறுக்கிப் பிடித்தார். சட்டம் அவர் பக்கம். திசையை மாற்றாதே என்றுதான் விதி சொல்கிறது. அவர் மாற்றவில்லை.

மோதப் போகிறோமா என்பதைக் கண்டுபிடிக்க மாலுமிகளிடம் ஓர் எளிய வழி உண்டு. எதிரே வரும் படகு நம் ஜன்னலில் முன்னாலோ பின்னாலோ நகர்ந்துகொண்டே போனால் பயமில்லை. அதே இடத்தில் அசையாமல் நின்று, பெரிதாகிக்கொண்டே வந்தால் ஆபத்து. அசையாமல் இருப்பதுதான் ஆபத்து என்பது நிலத்தில் வாழ்கிறவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றும்.

இழுவைப் படகு ஜன்னல் கம்பியை ஒட்டி அப்படியே நின்றது. பெரிதாகிக்கொண்டே வந்தது.

கேப்டன் அதைப் பார்த்தார். அவர் பார்த்தது படகை அல்ல. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பார்வையாளர் நேரம் முழுவதும் கதவையே பார்த்துக் கிடந்த நாட்களைப் பார்த்தார். இன்று அவன் விலகட்டும். ஒரே ஒரு முறை, எல்லோர் முன்னாலும், அவன் விலகட்டும்.

துணைக் கேப்டன் படியேறி வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சார்! என்ன சார் இவ்வளவு கிட்ட?"

"அவன்தான் விலகணும்."

"விலகலையே!"

"வேணும்னே வர்றான். திரும்ப மாட்டேன்னு என்கிட்டயே சொல்றான்."

அவள் பைனாகுலரைப் பறிப்பதுபோல் எடுத்தாள். அடுத்த நொடி அவள் குரல் உடைந்தது. "சார், உருண்டை! கம்பத்துல ரெண்டு உருண்டை, சார்!"

பகலில், கம்பத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு கறுப்பு உருண்டைகள் ஏற்றினால் உலகம் முழுவதும் அதற்கு ஒரே பொருள்தான்: என் கப்பல் என் கட்டுப்பாட்டில் இல்லை; என்னால் விலக முடியாது; நீங்கள் விலகுங்கள்.

தூறலில் நனைந்து, நரைத்த வானத்தின் முன்னால் அந்த இரண்டு உருண்டைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. சற்று நேரமாகவே தொங்கிக்கொண்டிருந்தன. கேப்டனின் கண்ணுக்கு மட்டும் அவை தெரியவில்லை. அவர் கோபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திசை மாறாமல் போ என்ற விதிக்கு அடுத்த வரி ஒன்று இருக்கிறது. விலக வேண்டியவரால் மட்டும் மோதலைத் தவிர்க்க முடியாது என்று தெரிந்தால், வழி உரிமை உள்ளவரும் தன்னால் ஆனதைச் செய்தே ஆக வேண்டும். பரீட்சைக்கு இரண்டு வரிகளையும் ஒன்றாகத்தான் கேப்டன் மனப்பாடம் செய்தார். பேச்சு நின்றுபோன இந்த மாதங்களில் முதல் வரி மட்டும் அவரிடம் தங்கிவிட்டது.

"பிடிச்சுக்கச் சொல்லு எல்லாரையும்!" என்று கத்தியபடி அவர் சுக்கானை வலப்பக்கம் முழுவதுமாகச் சுழற்றினார்.

படகு சாய்ந்தது. கீழே பைகள் உருண்டன, குழந்தைகள் அலறின. துணிப்பையோடு தரையில் சரிந்த அந்த அம்மாள், "ஆண்டவனே, எம் பக்கமும் தம்பி பக்கமும் நீதான் நிக்கணும்" என்றார். அதற்கு மேல் வேண்டிக்கொள்ள நேரமில்லை. இழுவைப் படகின் பழைய டயர்கள் தொங்கும் விலா, ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஓசையின்றி வழுக்கிக்கொண்டு போனது. அதன் தளத்தில் தம்பி நின்றிருந்தான். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

தொடவில்லை. இரண்டு படகுகளும் தொடவில்லை.

கேப்டன் இஞ்சினை அடக்கினார். இழுவைப் படகு பாய்ச்சல் ஓய்ந்து, கட்டை போல நின்றுவிட்டது. புகை இல்லை. விளக்கில்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது: மின்சாரம் முழுக்கப் போயிருக்கிறது. அது போனால் சுக்கான் பூட்டிக்கொள்ளும், இஞ்சின் அணையும், வயர்லெஸ் பாதிப் பேச்சில் செத்துப்போகும்.

பெருமூச்சு விடக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

"சார்" என்று மெல்லச் சொன்னாள் துணைக் கேப்டன். வாயாடியான அவள் அவ்வளவு மெல்லப் பேசி யாரும் கேட்டதில்லை. "அங்கே பாருங்க."

திறந்த கடலின் பக்கம் தூறல் திரை கருத்துக்கொண்டே வந்தது. பிறகு அந்தக் கருமைக்கு ஒரு முனை முளைத்தது. ஒரு சரக்குக் கப்பல். பல மாடிக் கட்டடங்கள் ஒரு தெரு நீளத்துக்கு வரிசையாக நின்று, அந்தத் தெருவே நகர்ந்து வந்ததுபோல் இருந்தது. வண்ண வண்ணக் கன்டெய்னர்கள் மேகம் வரை அடுக்கியிருந்தன. அது வரும் வழியின் நட்டநடுவில், ஊமையாய், இழுவைப் படகு கிடந்தது.

கேப்டன் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். துறைமுகங்களில் எல்லோரும் பேசும் உடைந்த பொதுமொழியில், எந்த நாட்டுக் குரலோ, அமைதியாகப் பதில் சொன்னது: "ரெண்டு உருண்டையைப் பார்த்துட்டோம். நாங்க விலகுறோம். அவங்களைப் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

பிறகு அந்தக் கப்பலின் சங்கு ஒலித்தது. ஒரே ஒரு குறுகிய முழக்கம். நான் வலப்பக்கம் திரும்புகிறேன் என்று பொருள். அது காதில் கேட்டதைவிட விலா எலும்புகளில் அதிகம் கேட்டது.

முதலில் எதுவும் நடக்கவில்லை. அவ்வளவு பெரிய உடலுக்குச் செய்தி போய்ச் சேரவே நேரம் வேண்டும். பிறகு, மலை திரும்பிப் படுப்பதுபோல், அந்த முனை அசைந்தது. தயங்கித் தயங்கி அல்ல. கொஞ்சம் கொஞ்சமாகவும் அல்ல. பார்க்கிறவனுக்குச் சந்தேகமே வரக்கூடாது என்பதுபோல், தன் பக்கவாட்டு முழுவதையும் காட்டிக்கொண்டு, வெகு தூரத்திலேயே அது அகன்று திரும்பியது. விலகினால் அப்படித்தான் விலக வேண்டும், சீக்கிரமாகவும் தெளிவாகவும், என்பதும் விதியில் எழுதியிருக்கிறது.

பயணிகள் எல்லோரும் ஜன்னலோரம் திரண்டார்கள். அழுத குழந்தைகள்கூட வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தன. அத்தனை சரக்கையும் சுமந்துகொண்டு அத்தனை கடல்களைத் தாண்டி வந்த ஒன்று, துறைமுகத்தை எட்டும் நேரத்தில், டயர் தொங்கும் ஓர் அழுக்குப் படகுக்காகத் தன் பாதையை விட்டுக்கொடுத்தது. ஏன் வழியில் நிற்கிறாய் என்று கேட்கவில்லை. உன் தப்பா என் தப்பா என்று கேட்கவில்லை. உள்ளே இருப்பவர்கள் எந்த ஊர், எந்த மொழி என்றும் கேட்கவில்லை. முடியவில்லை என்ற ஒரு சொல்லைக் கண்ணால் கண்டது; திரும்பியது.

கப்பலின் உச்சியில், எறும்பளவுக்கு, யாரோ ஒருவர் கையை உயர்த்தினார். கப்பல் எழுப்பிய அலை நெடுநேரம் கழித்து வந்து, இரண்டு படகுகளையும் ஒரே மூச்சில் தூக்கி, மெதுவாக இறக்கி வைத்தது.

மனிதர்கள் எழுதிய விதிதான். ஆனால் அவர்கள் எழுதியபோது தோளுக்குப் பின்னால் வேறு யாரோ நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வலிமை உள்ளது வலிமை இழந்ததற்கு வழிவிட வேண்டும் என்று எழுத மனிதக் கைக்கு எப்படித் தோன்றியிருக்கும்?

கேப்டன் தன் படகை மெல்ல ஓட்டிப்போய் இழுவைப் படகின் பக்கத்தில் அணைத்தார். கயிறு வீசினார்கள். தம்பி இந்தப் பக்கம் தாவி ஏறினான். மேலே இருந்து கேப்டன் இறங்கி வந்தார். கீழ்த்தளத்திலிருந்து அந்த அம்மாள் ஏறி வந்தார். மூவரும் படிக்கட்டின் நடுவில் சந்தித்தார்கள்.

"மச்சான்" என்றான் தம்பி, மூச்சு வாங்க. "வயர்லெஸ்ல கத்துனேனே, கேக்கலையா? கரன்ட் போகுது, சுக்கான் திரும்ப மாட்டேங்குது, திரும்ப மாட்டேங்குதுன்னு."

கேப்டன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். "எனக்கு 'திரும்ப மாட்டேன்'னு கேட்டுச்சு மாப்ள."

அந்த அம்மாள் கணவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பேசவில்லை. "இத்தனை மாசமா உங்களுக்கு அப்படித்தாங்க கேக்குது" என்றார்.

பிறகு அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "நீயும் சொல்லுடா. இவர்கிட்ட சொல்லாம எதை மூடி வெச்சிருக்க? சொல்லு."

இழுவைப் படகை ஒற்றைக் கையால் வளைக்கிறவன் என்று பெயர் எடுத்த அந்த முரட்டு ஆள் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வந்தேன் மச்சான். ரெண்டு தடவை வந்தேன். அந்த ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்ட முடியல. அப்பாவை அங்கேர்ந்துதானே எடுத்துட்டு வந்தோம். அதே வார்டு. உங்களையும் அங்கே படுக்க வெச்சிருக்காங்கன்னு நெனச்சப்போ கால் வரல. போன்ல சொல்லலாம்னு பார்த்தேன், நீங்க எடுக்கல. அப்புறம், ஆம்பளை, பயந்துட்டேன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

கேப்டன் அவன் தோளில் கை வைத்தார். வைத்த கை அங்கேயே தங்கிவிட்டது.

"கடல்ல முடியலைன்னா உருண்டை ஏத்திடுறாங்க" என்றார் அந்த அம்மாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. "வீட்டு மனுஷங்க எதைங்க ஏத்துவாங்க? முடியலைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுதான் பாதிப் பேர் பேசாம இருக்காங்க. நாம அதை 'மாட்டேன்'னு கேட்டுக்கிட்டு, முறுக்கிக்கிட்டு நிக்கிறோம்."

"அக்கா, உங்க பிரசங்கத்தைக் கொஞ்சம் நிறுத்துனா நான் கயித்தைக் கட்டுவேன்" என்றாள் துணைக் கேப்டன். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. சட்டென்று எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது. கோட்டு அணிந்த ஒரு வியாபாரி தன் உடைந்த மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு படியருகே வந்தார். "சிரிக்கிறீங்களா? உயிர் போயிருக்கும். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். சட்டப்படி யார் விலகணும்? நீங்களா, அவரா?"

"வழக்கமா அவர்தாங்க" என்றார் கேப்டன்.

"அப்புறம் நீங்க ஏன் கடைசியில விலகுனீங்க? தோத்துப்போய்தானே?"

கேப்டன் கடல் பக்கம் திரும்பினார். தூரத்தில் அந்தப் பெரிய கப்பல் வளைந்து மறுபடி தன் பாதைக்கு வந்து, துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. விலகியதால் அது ஒரு சாண்கூடச் சிறுத்துவிடவில்லை.

"உருண்டை ஏறிட்டா விலக வேண்டியவன் நான்தாங்க. விலகுனது தப்பில்ல. தாமதமா விலகுனேன் பாருங்க, அதுதான் தப்பு. அதுக்கு உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். துறைமுக ஆபீஸ்லயும் நானே போய்ச் சொல்லுவேன்" என்று கைகூப்பினார். பிறகு மாப்பிள்ளையின் தோளிலிருந்து நழுவிய கையை மறுபடி அங்கேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"யாரோட முறைன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, யாரால முடியும்னு பார்க்கணுங்க. விலகுறவன் தோத்தவன் இல்லை. விலக முடிஞ்சவன்."